சுவரில் ஒரு வாக்கியம்: மும்பை கேலரிகளில் எழுத்தையும் புது ஓவியத்தையும் பார்ப்பது எப்படி?

மும்பையில் காலா கோடா, கொலாபா பக்கம் இருக்கும் கேலரிகளுக்கு மும்பைத் தமிழர்களான நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால், பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஓவியம் பார்க்க வந்திருப்பார்கள். சுவரில் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கும். விளக்குக் குழாயில் வளைத்த ஒரு வரி, துணியில் தைத்த ஒரு பெயர், சோப்பில் பதித்த ஒரே ஒரு சொல். இரண்டு நொடியில் படித்துவிடுவார்கள். படித்ததும், பார்த்தும் முடித்துவிட்டோம் என்று தோன்றிவிடும். அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

அந்த இரண்டு நொடியை எப்படி நீட்டிப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத்தைக் கொண்டு செய்யும் கலை என்றால் என்ன, அதன் எதிரில் எப்படி நிற்பது, அதே கேலரியின் அடுத்த சுவரில் தொங்கும் புது ஓவியத்தில் எதைத் தேடுவது என்பதுதான் விஷயம். கலை வரலாறு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கலையில் அந்தச் சொல்லின் அர்த்தம் பாதி விஷயம்தான். அந்தச் சொல் எதனால் செய்யப்பட்டிருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது, நின்று படிக்கிறோமா நடந்துகொண்டே படிக்கிறோமா, படிக்கப் படிக்க அது அழிகிறதா, எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது, இதெல்லாம் மீதிப் பாதி. அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தாவின் ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-09இல் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் அடுக்கிய மதில்போல இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு கல்லிலும் ‘த்ரெட்’ என்ற ஆங்கிலச் சொல் பதிந்திருக்கும்: அச்சுறுத்தல், ஆபத்து. இன்னும் கிட்டே போனால்தான் தெரியும், அது கல்லே இல்லை, குளிக்கிற சோப்பு. ஆயிரக்கணக்கான சோப்புக் கட்டிகள். பார்வையாளர்கள் ஆளுக்கொன்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எடுக்க எடுக்க மதில் குறையும். வீட்டில் தேய்த்துக் குளிக்கக் குளிக்க அந்தச் சொல் கரைந்து போகும்.

இதையே ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு சொல், அவ்வளவுதான். சோப்பில் இருப்பதால் அது உடம்பில் படுகிறது. நாம் அஞ்சுகிற ஒன்றை நம் கையாலேயே தேய்த்துக் கரைக்கிறோம். கலைஞர் வாதம் எதையும் எழுதி வைக்கவில்லை. சோப்பு என்ற பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே வாதம் முடிந்துவிட்டது. எழுத்துக்கலையை முதன்முதலில் யாருக்காவது விளக்க வேண்டுமானால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இதற்கு முன்பு, 2002-04இல், அவர் சின்னச் சின்னப் புட்டிகளில் ரத்தம்போல் ஒரு சிவப்புத் திரவத்தை ஊற்றி, மேலே ஒரு லேபிள் ஒட்டினார். உன்மேல் பழி போடுவது எனக்கு இதமாக இருக்கிறது, உன்னால் மாற்ற முடியாத உன் மதத்துக்காகவும் நாட்டுக்காகவும் பழி போடுகிறேன் என்ற பொருளில் சில வரிகள் அதில் இருந்தன. அந்தப் புட்டிகளை மும்பை லோக்கல் ரயில் பயணிகளிடம் நீட்டினார். குஜராத் கலவரம் நடந்து முடிந்திருந்த காலம் அது. கேலரி அலமாரியில் வைத்துப் படிப்பதும், நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமல் கையில் வாங்கிப் படிப்பதும் ஒன்றாகுமா? வரி மாறவில்லை. இடம் மாறியதும் அதன் கனம் மாறிவிடுகிறது.

எழுத்தையே கலையாக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911 வாக்கில் பாரிஸில் ஜார்ஜ் பிராக் தன் ஓவியத்தில் அச்சு எழுத்துகளைச் சேர்த்தார். 1929இல் பெல்ஜியத்துக்காரரான ரெனே மாக்ரித் ஒரு புகைக்குழாயை அச்சு அசலாக வரைந்து, கீழே ‘இது புகைக்குழாய் இல்லை’ என்று பிரெஞ்சில் எழுதினார். உண்மைதானே, அது படம்தான். அதில் புகையிலை வைக்க முடியாது. 1965இல் அமெரிக்கரான ஜோசப் கொசுத் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியின் புகைப்படம், அகராதியில் ‘நாற்காலி’ என்ற சொல்லுக்கான விளக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1970களின் கடைசியில் ஜென்னி ஹோல்சர் தன் ஒற்றை வரிகளைச் சுவரொட்டிகளாக நியூயார்க் தெருக்களில் ஒட்டினார். 1982இல் அவை டைம்ஸ் சதுக்கத்தின் மின்பலகையில் ஓடின. பத்திரிகை வடிவமைப்பு வேலையிலிருந்து வந்த பார்பரா க்ரூகர், விளம்பரம் பேசுகிற அதே சிவப்புப் பட்டை வெள்ளை எழுத்தைக் கொண்டே விளம்பரத்தை எதிர்த்துப் பேசினார்.

இவர்களில் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பவர் ஜப்பானியரான ஆன் கவாரா. 1966 ஜனவரி 4 அன்று தொடங்கினார். ஒரே நிறத்தில் பின்னணி, நடுவில் வெள்ளை எழுத்தில் அன்றைய தேதி. வேறெதுவும் இல்லை. அச்சுப்போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கையால் வரைந்தது. எந்த ஊரில் இருக்கிறாரோ, பெரும்பாலும் அந்த ஊர் வழக்கப்படி தேதியை எழுதுவார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அன்றைய ஓவியத்தை அழித்துவிடுவார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில், ஏறத்தாழ மூவாயிரம் தேதிகள். ஒரு தேதியைப் படிக்க அரை நொடி போதும். அதை வரைய ஒரு மனிதனின் முழுநாள் போயிருக்கிறது. அந்த நாள் நமக்கு எப்படிப் போனது என்று யோசிக்கத் தொடங்கினால் அரை நொடி நீண்டுவிடும்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே ஒருவர் 1963இல் இதைத் தொடங்கிவிட்டார். கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம்போல் கட்டங்கள், கணக்குக் குறிகள், நடுநடுவே மலையாளம்போல் தெரியும் எழுத்துகள் இருக்கும். படிக்கப் போனால் படிக்க முடியாது, எந்த மொழியுமில்லை. ஆனாலும் பழைய ஓலையையோ பஞ்சாங்கத்தையோ பார்க்கும்போது நமக்குள் ஏதோ ஒரு மரியாதையும் சின்னப் பயமும் வருமே, அது வந்துவிடுகிறது. அர்த்தத்தை முழுக்க எடுத்துவிட்ட பிறகும் எழுத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அலிகரில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்த ஸரீனா, 1999இல் 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தார். வாசல், சுவர், முற்றம், எல்லை என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொல், உருது எழுத்தில், பக்கத்தில் நாலைந்து கறுப்புக் கோடுகள். விட்டுவந்த வீட்டை அந்தக் கோடுகளும் சொற்களும் சேர்ந்துதான் கட்டுகின்றன. பாரிஸில் வாழ்ந்த எஸ்.எச். ரஸாவும் தன் ஓவியங்களில் தேவநாகரியில் கவிதை வரிகளை எழுதினார். 1981இல் வரைந்த ‘மா’ அவற்றில் பேர்பெற்றது. ஊரை விட்டு வந்தவர்கள் படத்துக்குள் தாய்மொழி எழுத்தைக் கொண்டுவருவது ஏன் என்று தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கலைஞர் ஜிதிஷ் கல்லாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1974இல் மும்பையில் பிறந்தவர். ‘பொது அறிவிப்பு’ என்ற பெயரில் மூன்று படைப்புகள் செய்திருக்கிறார். மூன்றிலும் அவர் எழுதிய சொல் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் வரலாற்றில் ஏற்கெனவே பேசப்பட்ட உரைகள்.

முதலாவது 2003இல். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நேரு பேசிய சுதந்திர உரை. அதை முகம் பார்க்கும் பிளாஸ்டிக் கண்ணாடிப் பரப்பில் ரப்பர் பசையால் கையெழுத்தாக எழுதி, அந்தப் பசைக்குத் தீ வைத்தார். எழுத்து கருகிப்போய் நின்றது. சூட்டில் கண்ணாடியும் நெளிந்துவிட்டது. உரையைப் படிக்கக் கிட்டே போனால் கருகிய எழுத்துகளுக்கு நடுவே நம் முகம் கோணலாகத் தெரியும். இதுவும் குஜராத் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு. அந்த உரை வாக்களித்த நாடு என்ன ஆயிற்று என்ற கேள்வியை அவர் எங்கும் எழுதவில்லை. கருகலும் நெளிந்த முகமும் அதைக் கேட்கின்றன.

இரண்டாவது 2007இல். 1930 மார்ச் 11, தண்டி யாத்திரைக்கு முந்தின மாலை, சபர்மதியில் காந்தி பேசியது. அந்த உரையின் ஒவ்வொரு எழுத்தும் எலும்பு வடிவத்தில் வார்த்த ஃபைபர்கிளாஸ். மொத்தம் 4,479 எழுத்துகள், வரிசை வரிசையாகத் தட்டுகளில். அகிம்சையைப் பற்றிய உரை எலும்பாகக் கிடக்கிறது. புதைத்துவிட்டோமா, அல்லது புனித எச்சம்போல் பாதுகாக்கிறோமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். எனக்கு ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் பதில் மாறுகிறது.

மூன்றாவது சிகாகோ கலைக் கழகத்தில், 2010 செப்டம்பர் 11 அன்று திறந்தது. 1893இல் இதே செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய அதே இடம் அது. அவரை அங்கே அனுப்பிவைக்க ராமநாதபுரம் சேதுபதி உதவியது நமக்குத் தெரிந்த கதை. மதவெறி ஒழிய வேண்டும் என்ற அந்த உரையைக் கல்லாட் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில், படிக்கு ஒரு வரியாக, மின்விளக்குகளால் எழுதினார். விளக்கின் நிறங்கள் ஐந்து. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அபாய அளவைக் காட்டப் பயன்படுத்திய அதே ஐந்து நிறங்கள். இரண்டு செப்டம்பர் 11-களும் ஒரே படிக்கட்டில் சந்திக்கின்றன. படிக்க வேண்டுமானால் ஏற வேண்டும்; நின்ற இடத்தில் நின்று முழுதும் படிக்க முடியாது.

மூன்று உரைகளையும் பாடப்புத்தகத்திலோ வேறெங்கோ நாம் தாண்டி வந்தவர்கள்தான். தாண்ட விடாமல் நிறுத்துவதுதான் அவர் செய்த வேலை.

இன்னொன்று பைகுல்லாவில் நடந்தது. 2013இல் கலைஞர் ரீனா சைனி கல்லாட், டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் முகப்பில் ஒரு பிரம்மாண்டமான சிலந்தி வலையைத் தொங்கவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் வலை முழுக்க ரப்பர் ஸ்டாம்புகள். ஒவ்வொன்றிலும் மும்பையில் ஒரு காலத்தில் இருந்து, பிறகு மாற்றப்பட்ட ஆங்கிலேயர் காலத் தெருப்பெயர்கள். பெயரை வைப்பதும் எடுப்பதும் அலுவலகத்தில் விழும் ஒரு முத்திரைதான் என்பதை அந்த ஸ்டாம்பே சொல்லிவிடுகிறது. பழைய பெயரையும் புதுப் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி டாக்சிக்காரருக்கு வழி காட்டுகிற யாருக்கும் இது உடனே புரியும்.

இந்த இடத்தில் மும்பைத் தமிழர்களுக்கு இருக்கிற ஒரு வசதியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாம் தினமும் பல எழுத்துகளுக்கு நடுவே நடக்கிறோம். ஸ்டேஷனில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். மாட்டுங்காவில் குஜராத்தியும் தமிழும் அடுத்தடுத்த கடைகளில். தாராவி தொண்ணூறு அடி சாலையில் தமிழ். கொஞ்ச தூரம் போனால் உருது. இவற்றில் சிலவற்றை நன்றாகப் படிப்போம், சிலவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்போம், சிலவற்றைப் படிக்கவே தெரியாது. படிக்கத் தெரியாத எழுத்து என்ன ஆகிறது? வளைவாக, கோடாக, மேலே தொங்கும் கொக்கியாகத் தெரிகிறது. குஜராத்தியில் தேவநாகரியின் தலைக்கோடு இல்லை என்பதைக் குஜராத்தி தெரியாதவர்தான் சீக்கிரம் கவனிப்பார். எழுத்தை முதலில் வடிவமாகவும் பிறகு சொல்லாகவும் பார்க்கிற இந்தப் பழக்கத்தைத்தான் கேலரி நம்மிடம் கேட்கிறது. நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

எழுத்தின் அளவுக்கு அரசியல் உண்டு என்பதும் இந்த ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியில்லை. கடைப்பலகையில் மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்று 2022இல் மகாராஷ்டிரத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். யார் எழுத்து பெரிது, யார் எழுத்து மேலே என்பது சட்டம் போடுகிற அளவுக்கு முக்கியம் என்றால், ஒரு கலைஞர் எழுத்தின் அளவைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம்தான். ஷில்பா குப்தாவே, ‘உன் வானத்தின் கீழ்தான் நானும் வாழ்கிறேன்’ என்ற பொருள் தரும் வரியை ஆங்கிலம், இந்தி, உருது மூன்றிலும் விளக்கெழுத்தாகச் செய்து, பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு கடலோரம் வைத்தார். மூன்றும் ஒன்று மாற்றி ஒன்று எரியும். மாலை நடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு மொழியிலாவது படித்துவிட்டுத்தான் போவார்கள்.

“சித்தி, இதை நானே எழுதியிருப்பேனே!” என்று என் அக்கா மகன் ஒருமுறை கேட்டான். எல்லார் மனதிலும் இருக்கிற கேள்விதான், கேட்டது நல்லது. நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: “சரிடா, எழுதியிருப்பே. எதுல எழுதியிருப்பே? எவ்வளவு பெருசா? எங்க வெச்சிருப்பே?” அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த வரியைக் கண்ணாடியில் எழுதக் கூடாது, தரையில் எழுதியிருக்க வேண்டும், ஆட்கள் மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்றான். சுவரில் இருந்ததைவிட அவன் சொன்னது நன்றாகவே இருந்தது. எழுத்துக்கலையை மதிப்பிடுகிற வழியும் இதுதான். இதே சொல்லை வேறு மூலப்பொருளில், வேறு அளவில், வேறு இடத்தில் வைத்து மனதுக்குள் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அது பலவீனமான படைப்பு. தயங்காமல் அப்படியே சொல்லலாம். பளபளவென்று விளக்கில் எழுதிய வெறும் பொன்மொழிகளும் கேலரிகளில் உண்டு. கேலரியில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வியக்க வேண்டியதில்லை.

இனி ஓவியத்துக்கு வருவோம். புது ஓவியம் என்றால் என்ன புதுசு?

இந்தியாவில் நவீன ஓவியம் என்றதும் 1947இல் பம்பாயில் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவைத்தான் முதலில் சொல்வார்கள். சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே. எம்.எஃப். ஹுசைன் இதே ஊரில் சினிமாப் பேனர் வரைந்து பிழைத்தவர். அப்புறம் 1981இல் ‘மக்களுக்கான இடம்’ என்று பொருள்படும் பெயரில் பம்பாயிலும் டெல்லியிலும் ஒரு கண்காட்சி நடந்தது. பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதீர் பட்வர்தன், ஜோகன் சௌத்ரி ஆகிய ஆறு பேர். தெருவையும் ஆட்களையும் சொந்த வாழ்க்கையையும் கதையாக வரையலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 1990களில் காற்று மாறியது. வீடியோ, அறையையே படைப்பாக்கும் இன்ஸ்டலேஷன் என்று பலரும் நகர்ந்தார்கள். அந்த ஆறு பேரில் மலானியும் சுந்தரமுமே அந்தப் பக்கம் போனார்கள். ஓவியத்தின் காலம் முடிந்தது என்றுகூடப் பேசினார்கள். முடியவில்லை. இன்று மும்பை கேலரிகளில் இளம் ஓவியர்கள் நிறையப் பேர் மறுபடி கேன்வாஸில் வேலை செய்கிறார்கள். புகைப்படம், சினிமா, செல்போன் திரை எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்த கண் அவர்களுடையது. அதுதான் புதுசு.

எழுத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவே பாலமாக அதுல் தோடியாவைச் சொல்லலாம். காட்கோபரைச் சேர்ந்தவர். கடை ஷட்டரையே கேன்வாஸாக்கியவர். ‘மகாலக்ஷ்மி’ என்ற படைப்பில் ஷட்டர் மூடியிருக்கும்போது காலண்டரில் பார்க்கும் லட்சுமி தெரிவாள். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே, வரதட்சணைக்குப் பணம் இல்லாத வீட்டில் தூக்கிட்டுக்கொண்ட சகோதரிகள். வண்ணமும் பெயிண்ட் கடையில் வாங்குகிற எனாமல்தான். எழுத்துக்கலையில் கேட்ட அதே கேள்வி இங்கும் செல்லும்: இதை ஏன் இந்தப் பொருளில் செய்தார்?

சுதீர் பட்வர்தன் தொழிலால் ரேடியாலஜிஸ்ட். தானேயில் பல ஆண்டுகள் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மும்பையின் உழைக்கும் மக்களை வரைந்தார். 2019-20இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் மும்பைக் கிளையில் அவருடைய வாழ்நாள் பணியை ஒட்டுமொத்தமாகக் காட்சிக்கு வைத்தார்கள். 1977இல் அவர் வரைந்த இரானி உணவக ஓவியத்தையோ பின்னாளில் வரைந்த பெரிய நகரக் காட்சிகளையோ பார்த்தால், ஆட்கள் களைத்த உடம்போடு, ஆனால் கனமாக, இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பார்கள். பரிதாபத்துக்காக யாரையும் அவர் வரையவில்லை. இன்றைய தலைமுறையில் விக்ராந்த் பிசே அம்பேத்கர் இயக்கத்தின் ஊர்வலங்களையும் போராட்டங்களையும் உழைப்பையும் வரைகிறார். தாராவியில் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று தெருவில் நின்றவர்களுக்கு அந்தக் கூட்டங்கள் புதிதாக இருக்காது. அவை கேலரிச் சுவருக்கு வந்திருப்பதுதான் புதிது.

ஓவியத்தைப் பார்க்க ஒரு சின்னப் பயிற்சி. முதலில் தள்ளி நின்று, என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு கிட்டே போய், எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் மெதுவாகக் கரைக்கலாம், கன்னத்தின் நிழல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், நிறம் தட்டையாக இருக்கும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட காகிதம்தான். இது தெரிந்தால் ஓவியர் எங்கே அவசரப்பட்டார், எங்கே நிதானித்தார், எதை வரைந்து பிறகு மூடினார் என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்பையும் பாருங்கள். அடியில் முதலில் பூசிய நிறம் அங்கே எட்டிப்பார்க்கும். செல்போன் படத்தில் இவை எதுவும் வராது. படத்தின் அளவே அதில் தெரியாது. ஆள் உயர ஓவியமும் உள்ளங்கை அளவு ஓவியமும் திரையில் ஒன்றுதான்.

எங்கே போவது? செம்பூரிலிருந்து ஹார்பர் லைனிலும், சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து சென்ட்ரல் லைனிலும் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் வந்து இறங்கினால் நடக்கிற தூரம்தான். மெட்ரோ 3-இல் தாராவியிலேயே ஏறி ஹுதாத்மா சௌக்கில் இறங்கலாம். முதலில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, 1952இல் தொடங்கியது. உள்ளே போகப் பணம் கிடையாது. ஓவியர்களே காட்சிக்கூடத்தை வாடகைக்கு எடுப்பார்கள். அதனால் வரைந்தவர் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார், தாராளமாகப் பேசலாம். எதிர்ப்பக்கம் தேசிய நவீனக் கலைக்கூடம். அங்கே நுழைவுச்சீட்டு உண்டு. ஃபோர்ட்டில் கெமோல்ட் பிரெஸ்காட் ரோடு கேலரி. 1963இல் ஜஹாங்கீருக்குள்ளேயே தொடங்கி, 2007இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. அதுல் தோடியாவும் ஜிதிஷ் கல்லாட்டும் காட்சி வைத்த இடம். கொலாபாவில் பழைய அச்சகக் கட்டடத்தில் இருக்கும் பிராஜக்ட் 88, தாஜ் ஹோட்டல் பின்புறச் சந்துகளில் ஜாவேரி கன்டெம்பரரி, எக்ஸ்பெரிமென்டர் என்று வரிசையாக இருக்கின்றன. சென்னையில் பிறந்து பெங்களூர் வழியாக மும்பை வந்த சாக்ஷி கேலரியையும் விட வேண்டாம்.

தனியார் கேலரிகளில் பல, பழைய கட்டடங்களின் மாடியில் இருக்கும். கதவு மூடியிருக்கும், மணி அடிக்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே ஏசி போட்டிருப்பதால் மூடி வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் ஈரத்தில் காகிதத்தில் செய்த படைப்புகள் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். நுழைவு இலவசம். வாங்கத்தான் வந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஞாயிறு, திங்களில் பல கேலரிகள் திறப்பதில்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் கண்காட்சிக் குறிப்பு ஒன்று இருக்கும். அதைக் கடைசியில் படிப்பது என் வழக்கம். முதலில் படித்துவிட்டால் அது சொன்னதை மட்டுமே கண் தேடும். லேபிளில் பெயர், ஆண்டு, பொருள், அளவு இருக்கும். எழுத்துக்கலையில் ‘பொருள்’ என்ற வரியைக் கண்டிப்பாகப் படியுங்கள். சோப்பா கல்லா என்பது அங்கேதான் தெரியும். 3/10 என்று போட்டிருந்தால் பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது.

ஆண்டுதோறும் ஜனவரியில் மும்பை கேலரி வீக்கெண்ட் நடக்கும். 2012 முதல் நடக்கிறது. அந்த நாட்களில் கேலரிகள் ஒரே நேரத்தில் புதுக் கண்காட்சிகளைத் திறப்பார்கள். கலைஞரோ காட்சியை அமைத்தவரோ படைப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டே விளக்குகிற நிகழ்ச்சிகளும் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் அப்படி ஒன்றில் சேர்ந்துகொண்டு, இதை ஏன் இந்தப் பொருளில் செய்தீர்கள், ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தீர்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.